ஒரு தாள் கனத்துக் காற்று

தோட்டத்து அல்லூர் வாய்க்காலிலோ ஆற்றிலோ குளித்து வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். நீருக்குள் முங்கியிருக்கும்போது கரையில் நின்று அம்மா எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. தலையைத் தூக்கிய மறுகணம் ஏச்சு முழுவதும் தெளிவாக விழும். அதே நீருக்குள் கூட்டாளி ஒருவன் சற்றுத் தள்ளி இரண்டு கற்களை மோதினால், காதோரத்தில் மோதியதுபோல் கணீரென்று கேட்கும். நீர் ஒலியை விழுங்கிவிடும் என்றால் கல்லின் சத்தம் எப்படி வந்தது? விழுங்காது என்றால் அம்மாவின் குரல் எங்கே போனது?

கோலசிலாங்கூர்ப் பக்கம் கயாக் படகில் போய்த் தூண்டில் போடுகிறவர்கள் இதே புதிரை வேறொரு வடிவில் சந்திக்கிறார்கள். அவர்கள் படகில் ஒரு மீன்காட்டி இருக்கும். உள்ளங்கை அகலத் திரை, அதிலிருந்து இறங்கும் கம்பி, கம்பியின் முனையில் கறுப்பு நிறத்தில் ஒரு வில்லை. இந்த வில்லையைப் படகுக்கு வெளியே நீரில் தொங்கவிடலாம். படகுக்கு உள்ளேயே, தரையோடு தரையாக ஒட்டியும் வைக்கலாம். ஓட்டை எதுவும் போட வேண்டாம். ஆறு மில்லிமீட்டர் கெட்டிப் பிளாஸ்டிக்கை ஊடுருவி, அடியில் இருக்கும் ஆற்றை அது திரையில் காட்டிவிடும். ஆனால் ஒட்டும்போது வில்லைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாள் கனத்துக்குக் காற்று தங்கிவிட்டால், திரை வெறுமையாகிவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் மறைக்கவில்லை, கண்ணுக்கே தெரியாத காற்று மறைக்கிறது. ஏன்?

ஒளி தோற்கும் ஆறு

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலையை ஒட்டிய தித்திவங்சாத் தொடரில் பிறக்கிறது. கோல குபு பாரு, பெஸ்தாரி ஜெயா, கம்போங் குவாந்தான் என்று இறங்கி, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மலையில் தெளிவாகப் புறப்பட்ட நீர் கம்போங் குவாந்தானுக்கு வரும்போது வண்டல் கலங்கிப் பழுப்பேறி நிற்கும். ராஜா மூசா சதுப்புக் காட்டுப் பக்கத்து வாய்க்கால்களில் நிலைமை வேறு. அங்கே வண்டல் குறைவு, மக்கிய இலைதழைகளின் சாறு நீரைக் கறுக்கவைக்கிறது. இரண்டிலும் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது.

வண்டல் துகள் என்பது மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டருக்குள் நூறு துகள்களை வரிசையாக அடுக்கலாம். ஆனால் ஒளியின் அலை அதைவிடவும் சிறியது. தன்னைவிடப் பெரிய துகள்களில் மோதி மோதி ஒளி சிதறிப்போகிறது. மீன்காட்டி அனுப்பும் ஒலியின் அலை நீளமோ ஏழரை மில்லிமீட்டர். அதன் முன்னால் வண்டல் துகள் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் கண்ணுக்கு முற்றிலும் அடைபட்ட இந்த ஆறு ஒலிக்குத் திறந்தே கிடக்கிறது.

கலங்கல் நீரில் மீன் தேடும் யாருக்கும் ஒலியை விட்டால் வேறு வழி கிடையாது. நம் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இதை ஒரு தொழிலாகவே வைத்திருந்தார்கள். கிளந்தான், திரெங்கானு மலாய் மீனவர்களிடையே ஜூருசெலாம் என்று ஒருவர் இருப்பார். படகிலிருந்து இறங்கி, நீருக்குள் தலையை முக்கி, மீன் கூட்டம் எழுப்பும் சத்தத்தைக் காதால் கேட்டு, வலையை எங்கே இறக்கலாம் என்று சொல்வது அவர் பொறுப்பு. வலைக்குழுவுக்குத் தலைவரே அவர்தான். மானிடவியலாளர் ரேமண்ட் ஃபெர்த் கிளந்தான் மீனவர்களைப் பற்றி எழுதிய நூல் 1946இல் வந்தது. இந்த நிபுணர்களைப் பற்றி அதில் படிக்கலாம். ஜூருசெலாம் படகில் உட்கார்ந்தபடியே கேட்காமல் ஏன் தலையை முக்கினார் என்பதைக் கவனியுங்கள். அம்மாவின் குரல் நீருக்குள் இறங்காததற்கும் மீனின் குரல் நீரைவிட்டு ஏறாததற்கும் காரணம் ஒன்றுதான்.

வில்லை கத்துகிறது, வில்லையே கேட்கிறது

அந்தக் கறுப்பு வில்லைக்கு ஆங்கிலத்தில் டிரான்ஸ்டியூசர் என்று பெயர். தமிழில் ஒலிமாற்றி எனலாம். மின்துடிப்பை ஒலியாகவும், திரும்பி வரும் ஒலியை மின்துடிப்பாகவும் மாற்றுவது அதன் வேலை. உள்ளே ஒரு செராமிக் தகடு இருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டார்கள். பின்னாளில் மேரி கியூரியை மணந்த அதே பியர்தான். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்ற மறுபக்கமும் விரைவிலேயே உறுதியானது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காகப் பிரான்சின் பால் லாஞ்செவன் இந்த இயல்பைக் கடலில் இறக்கினார். 1948இல் ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் அதை மீனவர்களுக்கு உரிய கருவியாக்கினார்கள். இன்று கயாக்கில் இருப்பது அதன் வாரிசு.

வில்லை நொடிக்கு 2 லட்சம் முறை அதிரும் ஒரு குறுந்துடிப்பை அனுப்பிவிட்டு, மௌனமாகி, எதிரொலிக்காகக் காத்திருக்கும். மனிதக் காது 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. நம் ஆற்று மீன்களின் செவி அதற்கும் வெகு கீழேயே நின்றுவிடும். ஆகவே “மீன் பயந்து ஓடாதா” என்ற கவலை வேண்டாம். துடுப்பைப் படகின் விளிம்பில் இடிப்பதுதான் மீனை விரட்டும்.

எதிரொலி வரப் பிடித்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. அதற்கு நீரில் ஒலியின் வேகம் தெரிந்திருக்க வேண்டும். 1826இல் ஜெனீவா ஏரியின் ஒரு கரையில் நீருக்கடியில் மணியடித்து, மறுகரையில் குழாயை நீரில் இறக்கிக் கேட்டு, ஜான் டேனியல் கொலடோன் அதை அளந்தார். 8 டிகிரி குளிர்ந்த அந்த நீரில் நொடிக்கு 1,435 மீட்டர் வந்தது. நம் ஆறு வெதுவெதுப்பானது, 30 டிகிரியை ஒட்டி நிற்கும். வெப்பம் ஏற ஏற நீரில் ஒலி விரையும் என்பதால் இங்கே சுமார் 1,500 மீட்டர். கடலுப்பு கலந்தால் இன்னும் சற்றுக் கூடும். ஆற்று முகத்தில் கடல்நீர் ஏறும்போது இந்த வித்தியாசம் 4 மீட்டர் ஆழத்தில் ஒரு சாணுக்கும் குறைவு. தூண்டில்காரருக்கு அது ஒன்றும் இல்லை.

ஒலிக்கனம்

புதிரின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது என்ன ஆகிறது?

ஒவ்வொரு பொருளுக்கும் ஒலியின் கண்ணில் ஒரு கனம் உண்டு. பொருளின் அடர்த்தியும் அதற்குள் ஒலி ஓடும் வேகமும் பெருகி வரும் அளவு அது. அதை ஒலிக்கனம் என்று வைத்துக்கொள்வோம். காற்று இலேசானது, அதில் ஒலியும் மெதுவாகவே ஓடும். அதன் ஒலிக்கனத்தை 1 என்று கொண்டால் நீரின் ஒலிக்கனம் சுமார் 3,600. கயாக் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்குக்கு ஐயாயிரத்துச் சொச்சம். இரும்புக்கு ஒரு லட்சத்துக்கும் மேல்.

மெல்லிய கயிற்றின் நுனியில் கப்பல் கட்டும் வடத்தை முடிந்து, மெல்லிய பக்கத்தை உதறிப் பாருங்கள். அலை முடிச்சு வரை ஓடி, அங்கே மோதி, கைக்கே திரும்பி வரும். வடம் அசைந்தும் அசையாமலும் கிடக்கும். கிட்டத்தட்ட ஒரே பருமனுள்ள இரண்டு கயிறுகளை முடிந்தால் அலை முடிச்சைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒலிக்கும் இதே விதிதான். ஒலிக்கனங்கள் நெருக்கமாக இருந்தால் ஒலி கடந்துவிடும், எட்டாத தூரத்தில் இருந்தால் திரும்பிவிடும்.

கரையில் கூப்பிட்ட குரல் காற்றில் வந்து நீர்ப்பரப்பில் பட்டபோது 1க்கும் 3,600க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கியது. கல்லின் சத்தம் நீரிலேயே பிறந்து நீரிலேயே வந்தது. உடம்பும் பெரும்பாலும் நீர்தான் என்பதால் தலையெலும்பு வழியாகவே உள்காதைத் தொட்டுவிட்டது.

கருவுற்ற பெண்ணுக்கு ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் குளிர்ந்த பசையை ஏன் தடவுகிறார்கள் என்பதும் இப்போது விளங்கும். அந்தப் பசை மருந்து இல்லை. கருவிக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் காற்றை வெளியேற்றி, நீரின் ஒலிக்கனம் உள்ள ஒன்றை அந்த இடத்தில் நிரப்புவதுதான் அதன் வேலை. அதைத் தடவாவிட்டால் குழந்தை திரையில் தெரியாது.

ஒரு கயாக்கின் கணக்கு

இனி ஒரே ஒரு படகை எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்த்துவிடுவோம். நம்மூரில் மீன்பிடிக்க விற்கும் கயாக்குகளில் பெரும்பாலானவை, வீட்டுக் கூரைமேல் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைச் செய்யும் அதே முறையில் வருகின்றன. சூடான அச்சுக்குள் பிளாஸ்டிக் பொடியைக் கொட்டி, அச்சைச் சுழற்றி, உருகிய பொடியைச் சுவரெங்கும் படியவிடுவார்கள். தரையின் கனம் 6 மில்லிமீட்டர், ஆற்றின் ஆழம் 4 மீட்டர், இரண்டரை மீட்டர் ஆழத்தில் ஒரு சியாக்காப், அதாவது கொடுவா மீன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலிமாற்றி படகின் உள்தரையில் இருக்கிறது. வில்லைக்கும் தரைக்கும் நடுவில் நீரோ நீரைப் போன்ற பசையோ நிறைந்திருக்கிறது.

துடிப்பு கிளம்புகிறது. பசையிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் நுழையும்போது 3,600க்கும் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டினால் நூற்றில் நாலைந்து பங்கு திரும்பிவிடும். மீதி உள்ளே போகும். பிளாஸ்டிக்கிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும்போது இன்னும் நாலைந்து பங்கு போகும். மீனைத் தொட்டுத் திரும்பி வரும் எதிரொலிக்கும் இதே இரண்டு வாசல்கள். ஆக மொத்தம் நான்கு வாசல்களைக் கடந்த பிறகும், வாசலில் இழக்காமல் மிஞ்சியது நூற்றில் எண்பதுக்கு மேல். பிளாஸ்டிக் தன் உடம்புக்குள் உறிஞ்சிக்கொள்வது தனி, 6 மில்லிமீட்டரில் அது சொற்பம். படகின் தரை இருப்பதும் இல்லாததும் இந்த ஒலிக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

மீனின் எதிரொலி வர நொடியில் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றேகால் பங்கு நேரம் ஆகும். ஆற்றுத் தரையின் எதிரொலிக்கு ஐந்தேகால் பங்கு. இந்த இரண்டு தருணங்களைத்தான் திரை ஒரு புள்ளியாகவும் ஒரு தடித்த கோடாகவும் வரைகிறது.

இப்போது வில்லைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாள் கனத்துக் காற்றை வையுங்கள். ஒலி பசையைவிட்டுக் காற்றில் நுழைய வேண்டும்: ஆயிரத்தில் ஒரு பங்குதான் போகும். காற்றைவிட்டுப் பிளாஸ்டிக்கில் நுழைய வேண்டும்: அந்த ஒரு பங்கிலும் ஆயிரத்தில் ஒன்று. போகும்போதே பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிட்டது. வரும்போதும் அதே இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும் என்பதால் வில்லைக்கு வந்து சேர்வது லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆற்றில் ஒன்றுமே இல்லை என்று திரை சொல்வதற்கு இதுவே போதும்.

காற்றுப்படலம் கனமாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. தடுப்பது அதன் கனமா என்றால் இல்லை, இரு பக்கமும் உள்ள ஒலிக்கன வேறுபாடுதான். அதனால்தான் மரப்படகின் தரையோடு உள்ளிருந்து ஒட்டினால் பயன் இருக்காது. மரத்தின் நுண்குழல்களில் காற்று நிறைந்திருக்கிறது. நடுவில் நுரைப்பஞ்சு வைத்து இரட்டைச் சுவராகச் செய்த படகுக்கும் இதே கதி.

ஒட்டும் வேலை

வில்லையைப் பொருத்த மூன்று வழிகள் உண்டு. விலாப்பக்கம் ஒரு கை வைத்து அதிலிருந்து நீரில் இறக்கலாம். படகுத்தளத்தில் நீர் வடிவதற்கு இருக்கும் துளைக்குள், அடியிலிருந்து பொருத்தலாம். உள்ளே ஒட்டலாம். முதல் இரண்டில் வில்லை நேரே நீரைத் தொடும், படமும் சற்றுத் துல்லியமாக வரும். இருந்தும் இந்த வட்டாரத்துக்கு உள்ளே ஒட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். நம் ஆற்றில் நாளுக்கு இருமுறை அலை ஏறி இறங்குகிறது. இறங்கும் நீரோடு நீப்பா மட்டையும் செம்பனை ஓலையும் கட்டையும் மிதந்து வரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அவற்றில் சிக்கும். அலை வற்றியபின் கரையேற வேண்டுமானால் சேற்றில் படகை இழுத்தாக வேண்டும். தென்னமரம் தோட்டத்துப் பக்கம், பெஸ்தாரி ஜெயாவில் ஈயம் எடுத்துக் கைவிட்ட குட்டைகளுக்குப் போனால் சரளைக்கல் கரையில் இழுக்க வேண்டும். அடியில் தொங்கும் வில்லை அதைத் தாங்காது.

ஒட்டுவதற்கு முன் சோதனை. இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். படகை ஒரு ஆளுக்கு மேல் ஆழமுள்ள நீரில் விட்டு, முதலில் வில்லையை வெளியே தொங்கவிட்டுத் தரைக்கோடு எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பின் படகின் உள்ளே ஒரு குவளை நீரை ஊற்றி, அந்த நீருக்குள் வில்லையைத் தரையோடு அமுக்கிப் பிடித்து, இடம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கோடு தடித்துத் தெளிவாக நிற்கும், இன்னோரிடத்தில் மங்கும். அச்சில் சூடு சரியாகப் பரவாத இடத்தில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே நுண்குமிழ்கள் இருப்பதுண்டு. அங்கே எந்தப் பசையும் உதவாது.

இருக்கைக்குச் சற்றுப் பின்னால் இடம் தேடுவது நல்லது. முன்பகுதி அலையில் எழும்பி எழும்பி விழுந்து தன் அடியில் காற்றைச் சுருட்டிக்கொள்ளும். அடிப்புறத்தில் நீளவாக்கில் பள்ளம் ஓடினால் அதையும் தவிர்க்க வேண்டும், குமிழ்கள் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் ஓடும். படகில் ஆள் உட்கார்ந்த நிலையில் அந்த இடம் மட்டமாக இருக்கிறதா என்பதும் முக்கியம். சாதாரண வில்லையின் ஒலி 20 டிகிரி கூம்பாக விரிகிறது. 4 மீட்டர் ஆழத்தில் கூம்பின் அடி சுமார் 1.4 மீட்டர் அகலம். வில்லை 10 டிகிரி சாய்ந்திருந்தால் கூம்பு 70 சென்டிமீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். நேர் கீழே நிற்கும் மீன் கூம்பின் விளிம்புக்குப் போய்விடும், இல்லாத பக்கத்தில் தூண்டில் இறங்கும்.

எதை நிரப்பி ஒட்டுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் உறுதியாகப் பிடிக்காது, எபாக்சி காய்ந்து பெயர்ந்துவிடும். பெயர்ந்தால் காற்று நுழையும். சிலிகோன் போன்ற நெகிழும் பசை தாக்குப்பிடிக்கும். அதைக் குழாயிலிருந்து பிதுக்கும்போது நடுவில் தொடங்கி, முனையைப் பசைக்குள்ளேயே வைத்தபடி வெளிநோக்கிச் சுற்ற வேண்டும், தூக்கித் தூக்கி வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு குமிழைப் புதைப்போம். வில்லையைச் சாய்த்துத் தொடவைத்து, காற்று ஒரு பக்கமாக வெளியேறும்படி மெல்லப் படுக்கவைத்து, சற்றே திருக வேண்டும். கனமான பசை உள்வரை காய நாளெடுக்கும், அவசரப்படக் கூடாது. வேசலின் ஒலிக்கு நல்ல நண்பன்தான், ஆனால் வெயிலில் கார் கூரைமேல் கட்டிய படகின் உள்ளே அது இளகி ஓடிவிடும்.

எளியதும் எனக்குப் பிடித்ததும் நீர்தான். பழைய சிலிப்பரின் நுரைரப்பரை வில்லையின் வடிவத்துக்கு நடுவில் வெட்டி எடுத்துவிட்டு, அந்த வளையத்தை மட்டும் தரையில் ஒட்டிவிட வேண்டும். தூண்டிலுக்குப் போகும்போதெல்லாம் வளையத்துக்குள் கொஞ்சம் நீரை ஊற்றி வில்லையை அழுத்தி வைத்தால் போதும். அடியில் ஓடும் ஆற்றுக்கும் வளையத்தில் இருக்கும் நீருக்கும் ஒலிக்கனம் ஒன்றே. வேண்டாதபோது வில்லையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

உள்ளே ஒட்டுவதன் இழப்புகளையும் சொல்லிவிட வேண்டும். கருவி காட்டும் வெப்பநிலை ஆற்றினுடையதாக இராது, படகுத் தரையினுடையதாக இருக்கும். பக்கவாட்டில் படம்போல் காட்டும் புதுக் கருவிகள் நொடிக்கு 4 லட்சம், 8 லட்சம் அதிர்வுகளில் வேலை செய்பவை. அவற்றின் அலை நீளம் சில மில்லிமீட்டர்தான், அந்த அளவில் 6 மில்லிமீட்டர்ப் பிளாஸ்டிக் பெரிய சுவராகிவிடும். அவை வெளியேதான் இருந்தாக வேண்டும்.

கம்போங் குவாந்தான் பக்கம் இரவில் போகிறவர்கள் திரை வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிடுங்கள். பெரெம்பாங் மரங்களில் ஒன்றாகச் சிமிட்டும் அந்த மின்மினிகள் ஒளியால்தான் துணை தேடுகின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்களை இன்னும் துடுப்பு வலிக்கும் சம்பானில்தான் கூட்டிப்போகிறார்கள். எங்கே போனாலும் மிதவை அங்கி கட்டாயம். ஈயக்குட்டைகளின் கரை சட்டென்று செங்குத்தாக இறங்கும். கருவியில் ஆழம் தெரிகிறது என்பதால் யாரும் மிதக்க முடியாது.

மீனுக்குள் இருக்கும் காற்று

ஒலிக்கனத்தை இதுவரை பார்த்தவர்களுக்கு இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். மீனின் சதை பெரும்பாலும் நீர். அதன் ஒலிக்கனம் நீருக்கு மிக அருகில். அப்படியானால் பிளாஸ்டிக்கைக் கடந்ததுபோல் மீனையும் ஒலி கடந்து போயிருக்க வேண்டுமே? மீன் ஏன் திரையில் தெரிகிறது?

தெரிவது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று. பெரும்பாலான மீன்களின் முதுகெலும்புக்குக் கீழே ஒரு காற்றுப்பை இருக்கிறது. தமிழ்நாட்டு மீனவர்கள் நெட்டி என்பார்கள். இங்கே சீன மருந்துக் கடைகளில் உலர்த்திக் கண்ணாடி ஜாடியில் வைத்து நல்ல விலைக்கு விற்பதும் அதுவே. நீந்தாமலேயே ஓர் ஆழத்தில் நிற்க அது மீனுக்கு உதவுகிறது. ஆற்று மீனில் அது உடம்பின் பருமனில் நூற்றில் ஏழு பங்கு, கடல் மீனில் ஐந்து. அவ்வளவு சிறிய பைதான் மீனிடமிருந்து வரும் எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்கைக் கொடுக்கிறது. படகுத் தரையில் தாள் கனத்துக்குத் தங்கி நம்மைக் குருடாக்கிய காற்றும், இரண்டரை மீட்டர்க் கலங்கலுக்கு அடியில் கொடுவாவைக் காட்டிக்கொடுக்கும் காற்றும் செய்வது ஒரே வேலை: வந்த ஒலியைக் கடக்கவிடாமல் திருப்பி அனுப்புவது. ஒட்டும் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். மீனிடம் இருக்கும் காற்றிலிருந்து வரும் எதிரொலி கேட்க வேண்டுமானால், நம்மிடம் காற்று இருக்கக் கூடாது.

கெலாமா என்று இங்கே அழைக்கும் கத்தாளை மீனை ஆற்று முகத்தில் பிடித்தவர்கள், அது கையில் குர்குர் என்று முனகுவதைக் கேட்டிருப்பார்கள். காற்றுப்பையை ஒட்டிய தசைகளைத் துடிக்கவைத்து அது ஒலி எழுப்புகிறது. ஜூருசெலாம் கேட்டறிந்த குரல்களில் இந்தக் குடும்பத்துக்குப் பெரிய இடம் உண்டு. அவர் காதுக்கு எட்டியதும் நம் திரைக்கு எட்டுவதும் பெரும்பாலும் இந்தப் பைதான்.

காற்றுப்பை இல்லாத மீன்களும் உண்டு. திருக்கையும் சுறாவும் திரையில் மங்கலாகவே வரும். திருக்கை தரையோடு படிந்து கிடந்தால் தெரியவே தெரியாது. மறுபுறம், மீனே இல்லாத இடத்தில் மீன் தெரிவதும் உண்டு. அலையாத்திக் காட்டுச் சேற்றில் இலைகள் மக்கும்போது வாயு உண்டாகி, குமிழ் குமிழாக மேலே கிளம்பும். ஒவ்வொரு குமிழும் ஒரு காற்றுப்பைதானே. தரையிலிருந்து வலப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து ஏறும் கோடுகளைத் திரையில் கண்டால் அங்கே தூண்டிலை இறக்க வேண்டாம். அவை குமிழ்கள். மீன் இப்படி ஒரே சீராக மேலேறாது.

ஊடாங் காலா தெரியுமா?

சிலாங்கூர் ஆற்றுக்குத் தூண்டிலோடு வருகிறவர்களில் பலர் தேடி வருவது மீனையே இல்லை. நீலக் கொடுக்கு நீண்ட ஊடாங் காலா என்ற பெரிய நன்னீர் இறாலை. இவர்கள் மீன்காட்டி வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் கருவி இறாலைக் காட்டாது. இறாலுக்குக் காற்றுப்பை இல்லை. அதன் ஓடும் சதையும் நீரின் ஒலிக்கனத்திலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. போதாக்குறைக்கு அது தரையோடு ஒட்டி நடக்கிறது. அதன் மெலிந்த எதிரொலி ஆற்றுத் தரையின் பெரிய எதிரொலிக்குள் கரைந்துபோகும்.

ஆனாலும் இறால் தேடுகிறவருக்குக் கருவி வீணில்லை. இறால் இருக்கும் இடத்தை அது காட்டும். மூழ்கிய மரம், கரையோரத்துக் குழி, சேறு முடிந்து கெட்டித்தரை தொடங்கும் எல்லை ஆகியவற்றைத் தரைக்கோட்டிலேயே படிக்கலாம். கெட்டித்தரை ஒலியை வலுவாகத் திருப்பும். அந்த எதிரொலி நீர்ப்பரப்பில் பட்டு மறுபடி கீழே போய் இன்னொரு முறை திரும்பி வரும். அதனால் திரையில் இரட்டை ஆழத்தில் இரண்டாவதாக ஒரு மங்கல் கோடு தெரியும். இளகிய சேற்றில் இரண்டாவது கோடு வராது, முதல் கோடும் மங்கிக் கிடக்கும். இரண்டு அதிர்வெண் உள்ள கருவியாக இருந்தால் இன்னும் நல்லது. உயர்ந்த அதிர்வெண் இளஞ்சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், தாழ்ந்தது சேற்றுக்குள் இறங்கிக் கெட்டித்தரை வரை போகும். இரண்டும் காட்டும் ஆழத்தின் வித்தியாசம்தான் சேற்றின் கனம்.

குழியைக் கண்டுபிடித்தவர்கள் அதன் ஆழத்தைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். இந்த ஆற்றில் அது மட்டும் போதாது. பெரிய அலை நாட்களில் ஆற்று முகத்தில் நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. வற்றிய நேரத்தில் 3 மீட்டர் காட்டிய அதே குழி, அலை நிறைந்த பிறகு 6 மீட்டருக்கு மேல் காட்டும். கருவி பொய் சொல்லவில்லை, வில்லைக்கும் ஆற்றுத் தரைக்கும் நடுவில் இருக்கும் நீரைத்தான் அது அளக்கிறது. ஆகவே ஆழத்தோடு மணியையும், அன்றைய அலை அட்டவணையில் அந்த மணிக்கு உரிய நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆழத்திலிருந்து நீர்மட்டத்தைக் கழித்துப் பார்த்தால், எந்த நாளில் போனாலும் அதே குழியின் மேல் படகை நிறுத்தலாம்.